காய்ச்சிய தோலின் குரல்

கல்லூரி விழா, புத்தகக் காட்சி, தமிழ்ச் சங்க மேடை என்று பறையாட்டத்துக்கு இன்று எங்கும் கூட்டம் சேர்கிறது. அந்தப் பறை உருவாகும் இடத்தைப் பார்க்க, மதுரைக்கு வடக்கே அலங்காநல்லூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தேன். பறையிசைக்காக 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற வேலு ஆசானின் மண் அது.

பறை செய்யும் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலைக் கட்டையின் மேல் விரித்து, முடி போகச் சுரண்டிக்கொண்டிருந்தார் பெரியவர். வாடை மூக்கைத் துளைத்தது.

"வாடைக்குப் பயந்தா தொழில் ஓடாது தம்பி. கன்னுத் தோலுதான் வேணும். மெல்லிசாவும் இருக்கணும், அடியும் தாங்கணும்" என்றவர், தோலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அப்போது எனக்கும் தெரிந்தது. தடித்த இடத்தில் மறுபடி கத்தி ஓடியது. விரலால் தடவித்தான் அளவு பார்க்கிறார்.

சட்டம் மூன்று மரத்துண்டுகளால் ஆனது. வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டை அடித்து வட்டமாகச் சேர்க்கிறார்கள். குறுக்களவு சுமார் 35 செ.மீ. தோலை ஒட்டுவது புளியங்கொட்டைப் பசை. அது அவர் மனைவியின் பொறுப்பு. கொட்டையை வறுத்து, மேல்தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழ் பதத்துக்குக் காய்ச்சுகிறார்.

"ஆணி அடிச்சு மாட்டக் கூடாதாம்மா?" என்றேன்.

"ஆணி அடிச்ச எடத்துல கிழிஞ்சிரும்ப்பா. பசைன்னா சுத்திவரச் சமமா இழுத்துப் பிடிக்கும்."

காய்ந்து தயாராக இருந்த பறை ஒன்றை எடுத்துப் பெரியவர் அடித்தார். ஈர மண்ணில் மண்வெட்டி விழுவது போல மந்தமான ஒலி. பிறகு வைக்கோலைக் கொளுத்தி, தீ நாக்கு தொடாத உயரத்தில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஈரம் வற்றத் தோல் இறுகியது. இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. ஒத்தையடியில் தொடங்கி உருட்டு அடிக்குப் போனபோது தெருப்பிள்ளைகள் கொட்டகை வாசலில் வந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

மழைக்காலத்தில் ஒரே நிகழ்ச்சிக்குள் பலமுறை காய்ச்ச வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் வேண்டாமென்று ஃபைபர் போட்டு, திருகால் முடுக்கும் பறைகள் வந்துவிட்டன. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அவை உதவும்தான். ஆனால் எனக்கு அந்த ஒலி ஒட்டவில்லை. எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கிறது. தோல்பறை சூட்டில் கணீரென்று எழும்பி, ஆற ஆற இறங்கும். மைய நீரோட்ட இசைக்கு வெளியே நின்றும் இத்தனை பேரை இது இழுப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அதை அடித்தவர்களையோ சாதி ஊருக்கு வெளியே வைத்தது. சாவு வீட்டில் அடிப்பது கட்டாய ஊழியமாக இருந்ததால், பறையைத் தூக்கி எறிவதே விடுதலை என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. அதில் முழு நியாயம் இருந்தது. திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் பெண்களின் கையில் அதே பறையைக் கொடுத்து மேடையேற்றியது. பெரியவரின் மகனும் இப்போது சாவுக்கு அடிப்பதில்லை; மேடைக்கு மட்டும்தான் போகிறார்.

"அதுதான் சரி. கூப்பிட்ட குரலுக்கு ஓடுனது எங்களோட போகட்டும்" என்றார் பெரியவர். பிறகு கத்தியைத் துடைத்தபடி, "அடிக்க ஆளிருக்கு. தோல் சுரண்டத்தான் ஆளில்ல" என்றார்.

பறை கற்றுத்தரும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை ஒரு நாளாவது இப்படி ஒரு கொட்டகையில் உட்கார வையுங்கள். பறையைச் செய்பவரிடமே நேரில் வாங்குங்கள். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுங்கள்.