வடித்த எண்ணெய்

மார்சிலிங்கின் வடகரையில் நிற்போர்க்கு ஜொகூர் நீரிணையும், 1924-இல் திறப்புவிழாக் கண்ட கடற்பாலமும் தெரியும். கற்களைக் கொட்டி எழுப்பிய அப்பாலம் நீரிணையை இரண்டாகப் பிரித்துவிட்டது. கிழக்கு நீர் மேற்கே தடையின்றிப் பாய வழியில்லை. இங்குப் படகு செலுத்துவோர் இதனை மறத்தலாகாது.

படகு இயந்திரத்துக்கு எண்ணெயே உயிர்நாடி. அது உராய்வைத் தணிக்கிறது, வெப்பத்தை வாங்குகிறது, கரியைத் தன்னுள் ஏற்கிறது. ஆகவே, புறப்படுமுன் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பது நல்ல படகோட்டியின் வழக்கம். டீசல் இயந்திரத்தில் எண்ணெய் கறுத்திருந்தால் அஞ்சவேண்டா. கரியை ஏற்றுத் தன் கடமையைச் செய்கிறது என்பதே பொருள். பால்போல் வெளுத்திருந்தால்தான் அஞ்சவேண்டும். எண்ணெயில் நீர் கலந்துவிட்டது.

படகின் பின்புறம் பொருத்தும் இயந்திரங்கள் பலவற்றில், 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ எண்ணெயை மாற்றுவது முறை. இயந்திரம் இளஞ்சூடாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் உடன் வெளியேறும். வடிகட்டியையும் மாற்றவேண்டும்.

வடித்த எண்ணெயை என்செய்வது? அலை கொண்டுபோய்விடும் என்று கடலில் ஊற்றுவது பெரும்பிழை. பாலம் தடுத்த நீரில் அது நெடுந்தொலைவு செல்லாது. சதுப்புமரங்களின் வேர்களிலும் மீன்வளர்ப்போர் வலைகளிலும் படியும். மூடியிட்ட கலத்தில் அடைத்துக் கரைசேர்த்து, கழிவெண்ணெய் பெறுவோரிடம் ஒப்படைப்பதே பொறுப்புடைமை. படகு ஒருவருக்கு உரியது. நீரிணையோ இரு கரையினர்க்கும் பொது.