இரண்டு ரூபாய்த் தாளில் கண்ட கோள்

செஞ்சிக் கோட்டையின் இராசகிரி மலை தெரியும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என் ஆரியபட்டா உருவாயிற்று. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து விண்ணேறிய நம் முதற் செயற்கைக்கோளை நான் கண்டது, அந்நாளைய இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில். வேறு வரைபடம் எனக்கு வாய்க்கவில்லை.

மெய்யான கோளின் எடை 360 கிலோ, முகங்கள் 26. செருப்பு வைத்திருந்த அட்டைப்பெட்டியை நறுக்கிச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். கடைசி முகம் பொருந்த மறுத்தது. ஒவ்வொன்றிலும் நூலிழை பிசகினால் முடிவில் விரற்கடை இடைவெளி விழும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதைக் கந்தைத்துணியால் அடைத்தேன் (இதுவும் பொறியியல்தானே!). சூரிய மின்கலங்களுக்காகத் தேயிலைப் பொட்டலத்து ஈயத்தாளில் நீல மை பூசினேன்.

அலைவாங்கிக்கு மட்டும் கம்பி கிடைக்கவில்லை. அத்தாவின் குடையிலிருந்து நான்கை உருவிக்கொண்டேன். வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடைதான்.

மறுநாள் ஐப்பசி அடைமழை. குடையை விரித்துப் பார்த்த அத்தா ஒன்றும் கூறாமல், கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்குப் புறப்பட்டார். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. இரவு நனைந்து திரும்பியவர் அதைக் கையில் ஏந்தி, "இது சுத்துமா தம்பி?" என்றார்.

"சுத்தும் அத்தா."

உத்தரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அவரே முறுக்கிவிட்டார்.

ஆரியபட்டா 1992 பிப்ரவரியில் வளிமண்டலத்துள் வீழ்ந்தது. எங்களுடையது அதற்கு முன்பே கறையானுக்கு இரையாயிற்று. குடைக்கம்பிகள் நான்கும் இன்னும் என் மேசை இழுப்பறையில் உள்ளன.