சென்னை - லண்டன் 11 மணி நேரம் இல்லீங்க

சென்னையிலிருந்து லண்டனுக்கு வான்வழியில் சுமார் 8200 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய 11 மணி நேரம். எங்க அம்மாவை முதன்முதலா தம்பி வீட்டுக்கு அனுப்பினப்போ நான் பார்த்த கணக்கும் இதுதான். "ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் வந்துடும்மா"ன்னு சொல்லி ஏத்திவிட்டேன்.

நாலாவது நாள் தம்பி வீடியோ கால். "அண்ணே, அம்மாவுக்கு இடது கால் மட்டும் வீங்கியிருக்கு. அலைச்சல்னு சொல்றாங்க."

கேமராவைக் காலுக்குத் திருப்பச் சொன்னேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் பளபளன்னு வீங்கியிருந்தது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். டாப்ளர் ஸ்கேனில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து.

அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து சரியான கணக்கைப் போட்டேன்.

திருச்சியிலிருந்து சென்னைக்குக் காரில் 6 மணி நேரம்.
விமான நிலையத்தில் காத்திருப்பு 3 மணி நேரம்.
விமானம் 11 மணி நேரம்.
ஹீத்ரோவிலிருந்து பர்மிங்ஹாமுக்குக் காரில் 2 மணி நேரம்.

மொத்தம் 22 மணி நேரம். அதில் பெரும்பகுதி முழங்காலை மடக்கி உட்கார்ந்தபடி!

ஜன்னல் சீட். பக்கத்தில் ரெண்டு பேர் தூக்கம். "தூங்கறவங்களை எப்படிப்பா எழுப்புறது?"ன்னு அம்மா எழுந்திருக்கவே இல்லை. பாத்ரூம் போக வேண்டி வருமேன்னு தண்ணியும் குடிக்கலை.

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. நடக்கும்போது அது பிழிந்து அனுப்பும். அசையாமல் இருந்தால் ரத்தம் தேங்கும், உறையும்.

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் சுமார் 6000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனா இது பஸ், ரயில், காருக்கும் பொருந்தும். அம்மா விமானம் ஏறும் முன்பே, திருச்சி காரிலேயே அந்த 4 மணி நேரத்தைத் தாண்டிட்டாங்க.

உடல் பருமன், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள், புற்றுநோய், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, வெரிகோஸ் வெயின் - இவர்களுக்கு ஆபத்து கூடுதல். அம்மாவின் காலில் வெரிகோஸ் வெயினைப் பல வருஷமா பார்த்துட்டுதான் இருந்தேன். வேற யாரோட அம்மாவா இருந்தாலும் கேட்டிருப்பேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

✅ நடைபாதை ஓரச் சீட் கேளுங்க
✅ முடிந்தபோதெல்லாம் எழுந்து நடங்க. உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க
✅ தண்ணி குடிங்க
✅ காரில் போனால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குங்க
✅ ஆபத்து கூடுதலா இருந்தா, கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்க. அழுத்தக் காலுறை தேவைப்படலாம்
❌ நீங்களாவே ஆஸ்பிரின் போடாதீங்க

பயணம் முடிந்து சில வாரம் வரைக்கும் ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால் அதே நாள் மருத்துவரிடம் போங்க. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் உடனே அவசர சிகிச்சை.

அம்மா 3 மாதம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்து, மருத்துவர் சம்மதத்தோடு திரும்பி வந்தாங்க. இந்த முறை ஓரச் சீட்.

"உள்ளே இருந்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி என்னை எழுப்பினாங்கடா. நல்லதாப் போச்சு, நானும் நடந்தேன்"னு சிரிச்சாங்க.

பேரப்பிள்ளையைப் பார்க்க யாராவது கிளம்பினா, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கூட்டிப் பாருங்க.