இரண்டாவது கியர் எப்போது விழ வேண்டும்?

கோடையில் பாகூர் ஏரி வற்றினால் ஊர்ப் பையன்களுக்கு அது கிரிக்கெட் மைதானம். பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கும் ஓர் இளைஞனுக்கு மட்டும் அது ரேஸ் டிராக். அவன் ஓட்டுவது ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளமுள்ள ரிமோட் ட்ரக். பேட்டரி பொம்மை அல்ல. உள்ளே இருப்பது நிஜமான டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். 1999-ல் அமெரிக்காவின் ட்ராக்ஸாஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய டி-மேக்ஸ் வகை வண்டி.

பிரான்ஸில் இருக்கும் தாய்மாமன் லீவுக்கு வந்தபோது, தான் ஓட்டிய பழைய வண்டியை மருமகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். சொல்தா குடும்பங்கள் உள்ள புதுச்சேரி கிராமங்களுக்கு பிரான்ஸிலிருந்து சென்ட் வரும், சாக்லேட் வரும். ட்ரக் வந்தது அந்தத் தெருவில் யாரும் பார்க்காத அதிசயம்.

இந்த வண்டிக்கு இரண்டு கியர். இரண்டாவது கியர் தானாக விழ வேண்டும். விழவில்லை. கிளம்பி வேகமெடுத்ததும் இன்ஜின் அலற ஆரம்பித்தது; அலறிக்கொண்டே ஓடியது. நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டக்கூடிய குட்டி இன்ஜின் அது. முதல் கியரிலேயே விரட்டிக்கொண்டிருந்தால் கனெக்டிங் ராடு உடைந்துவிடும். உடைந்தால் வில்லியனூரில் ஸ்பேர் கிடைக்காது. மாமா மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும்.

அப்பா வில்லியனூரில் டூ-வீலர் மெக்கானிக். பொம்மை வண்டியை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால், அந்தச் சத்தத்தை அவரால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“கியர் மாறாம கத்துதுடா. மொபெட் கிளட்ச் மாதிரி ஏதாச்சும் உள்ள இருக்கும், பாரு.”

சரியாகத்தான் சொன்னார். டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். அந்த மாதிரி வண்டிகளில் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிளட்ச் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வண்டி நகரும். இந்த ட்ரக்கிலும் அதே மையவிலக்கு விசைதான். வித்தியாசம், இது கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. வண்டியின் வேகம் கூடக் கூட உள்ளே இருக்கும் எடைகள் ஸ்பிரிங்கை எதிர்த்து விரிந்து, இரண்டாவது கியரைப் பிடிக்கின்றன. அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு குட்டி ஸ்க்ரூ தீர்மானிக்கிறது. இறுக்கினால் கியர் தாமதமாக விழும். தளர்த்தினால் சீக்கிரம் விழும்.

பையன் உடனே ஆலன் கீயை எடுத்தான். அப்பா விடவில்லை. “மொதல்ல கார்ப்பரேட்டர். இன்ஜின் சரியா இழுக்காட்டி கியரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.” அனுபவசாலி பேச்சு. கலவை சரியாகி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அந்த ஸ்க்ரூவைத் தொட வேண்டும்.

வீட்டில் பெரிய பயம் எரிபொருளைப் பற்றித்தான். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது அது. 2023-ல் மரக்காணம் பக்கத்திலும், 2024-ல் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அம்மா அந்த டின்னை வீட்டுக்குள் விடவே இல்லை. அது கடையின் இரும்புப் பெட்டிக்குப் போனது. சாவி அப்பாவின் அரைஞாண் கயிற்றுக்கு. ஓட்டி முடித்தால் டேங்க்கில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

ஞாயிறு காலை இருவரும் ஏரிக்குப் போனார்கள். இன்ஜினை அணைத்து, கியர்பாக்ஸின் ரப்பர் மூடியைக் கழற்றி, பல்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினால் ஓட்டைக்கு நேரே ஸ்க்ரூ வந்து நிற்கும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அவ்வளவுதான். தளர்த்தி ஓட்டினால் அதே அலறல். மறுபடி தளர்த்தினால் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது தடவை கியர் அவசரமாக விழுந்து, மேடு ஏறும் மாட்டு வண்டி போல இன்ஜின் திணறியது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். “பாதி திருப்பு. கிட்ட வந்துடுச்சு.”

அடுத்த ஓட்டத்தில் அலறல் ஒரு நொடி தணிந்தது. வண்டி ஒரு உந்து உந்திப் பாய்ந்தது. புழுதி அடங்கும் வரை இருவரும் பேசவில்லை.

ஸ்க்ரூ நிற்கும் இடம் மறக்காமலிருக்க, தங்கையின் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்தாயிற்று.

“மாமாவுக்கு வீடியோ அனுப்புடா” என்றார் அப்பா. “பாட்டு கீட்டு போட்டுடாத. சத்தத்தோட அனுப்பு.”