பணியிடம் இல்லாத பணி

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தன் இணைப்பு அட்டவணையில் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் கொண்ட நூலகம் ஒன்று இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. அதே அட்டவணை தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று தொடங்கி ஆசிரியர் எண்ணிக்கையைப் படிப்படியாகச் சொல்லிச் செல்கிறதே தவிர, அந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதைச் சொல்லவில்லை. ஆகவே தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில், அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளில், நூலகர் என்பது ஒரு பணியிடமாக இல்லாமல், வகுப்பெடுக்கும் ஆசிரியர் ஒருவர் கூடுதலாகச் சுமக்கும் பொறுப்பாக இருக்கிறது. பொறுப்பு என்ற சொல் எளிதாகத் தோன்றினாலும், அதற்குள் அடங்கும் வேலைகளை அருகிலிருந்து பார்க்கும்போது, அவை தனிப் பயிற்சியும் தனி நேரமும் கோரும் ஒரு கைத்தொழில் என்பது புலப்படுகிறது.

காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மேற்கொள்ளப்பட்ட களப்பார்வையே இக்கட்டுரைக்கு அடிப்படை. அது ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைக் கவனிக்க, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் நடத்தும் ஆசிரியையிடமே நூலகப் பொறுப்பும் இருக்கிறது. நூலகம் என்பது அங்கே ஓர் இரும்பு பீரோவும், வகுப்பறைச் சுவரில் ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டிய இரண்டு கயிறுகளும், தரையில் விரித்த ஒரு பாயும்தான்.

காலை உணவு முடிந்து குழந்தைகள் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே நூலக வேலை தொடங்கிவிடுகிறது. ஆசிரியை பீரோவைத் திறந்து, அன்றைக்கு வெளியே வர வேண்டிய புத்தகங்களை எடுத்து, துணி காயப்போடுவது போல நடுப்பக்கத்தில் விரித்துக் கயிற்றில் தொங்கவிடுகிறார். இம்முறைக்குக் காரணம் உண்டு. சிறு குழந்தைகளுக்கான நூல்களில் பெரும்பாலானவை பதினாறு அல்லது இருபத்து நான்கு பக்கமே உள்ள, நடுவில் பின் அடித்த மெல்லிய நூல்கள். அவற்றுக்கு முதுகு இல்லை, அதாவது அலமாரியில் நிறுத்தினால் பெயர் தெரியும் பக்கவாட்டுப் பகுதி இல்லை. நெருக்கி அடுக்கினால் எந்தப் புத்தகம் எங்கே என்று பெரியவருக்கே தெரியாது, எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கோ அட்டைப் படம்தான் நூலின் பெயர். முகம் தெரியாத புத்தகத்தை அது தேடப்போவதில்லை.

நூல்களை வகைப்படுத்துவதிலும் இதே சிக்கல் வருகிறது. 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில், அறிவுத்துறைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண் தரும் அந்த முறையில், தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811. பெரிய நூலகத்துக்கு இது பயன்படும். தொடக்கப் பள்ளியின் பீரோவிலோ கதைப் புத்தகங்களில் பெரும்பங்கும் இந்த ஒரே எண்ணுக்குள் போய் அடைந்துவிடும் என்பதால், எண் இட்டும் பிரித்ததாகாது. 2023இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் திறனின் படிநிலைப்படி நான்காகப் பிரித்திருப்பது இந்த இடத்துக்குப் பொருந்தும் பகுப்பு. பொருளைக் கொண்டு பிரிக்காமல் வாசகரைக் கொண்டு பிரிக்கிறது என்பதே அதன் சிறப்பு.

ஆயினும் அச்சிட்ட படிநிலை ஒன்றை மட்டும் நம்பி நூலைக் கையில் கொடுத்துவிட முடிவதில்லை. தமிழில் ஒரு நூல் குழந்தைக்கு எளிதா கடினமா என்பது சொற்களின் எண்ணிக்கையால் மட்டும் தீர்மானமாவதன்று. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டு ஒலியில் பின்னால் வருகின்றன. ‘போய்க்கொண்டிருந்தது’ போன்ற சொல் ஒரே மூச்சில் பத்து எழுத்துகளாக நீள்கிறது. இவை எல்லாவற்றையும்விட, வீட்டில் ‘போயிட்டிருந்துச்சு’ என்று பேசும் குழந்தைக்கு நூலின் எழுத்து வழக்கு பாதி அயல்மொழியாகவே வந்து சேர்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கி, ஐந்து விரலும் மடங்கினால் அந்த நூலை விட்டுவிடச் சொல்லும் ஐந்து விரல் முறை ஆங்கில நாடுகளின் பள்ளி நூலகங்களில் பரவலாக வழங்குகிறது. அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால், பொருள் முழுக்கத் தெரிந்திருந்தும் சொல்லின் நீளத்தில் தடுக்கும் குழந்தை நல்ல கதையை இழந்துவிடும். இந்தப் பள்ளியின் ஆசிரியை வேறு வழியைக் கையாள்கிறார். குழந்தை எடுத்த நூலின் முதல் வரியைத் தாம் எழுத்து வழக்கில் வாசித்து, உடனே அதை ஊர்ப்பேச்சில் ஒருமுறை சொல்லி, இரண்டாம் வரியைக் குழந்தையிடம் விட்டுவிடுகிறார். அது தடுக்கி நின்றாலும் முகத்தில் ஆவல் இருந்தால் நூல் அதனிடமே இருக்கும். ஆவல் வடிந்துவிட்டால் கயிற்றிலிருந்து வேறொன்று இறங்கும். தடுக்கலுக்கும் சலிப்புக்கும் உள்ள வேறுபாட்டை முகத்தில் படிக்கும் இந்தத் திறனை எந்தப் பதிவேட்டிலும் குறிக்க இடமில்லை.

நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக்கிய எஸ். ஆர். ரங்கநாதன் இதே படுகையைச் சேர்ந்த சீர்காழியில் 1892இல் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்ற அவருடைய இரண்டாம், மூன்றாம் விதிகளில், பெரியவர்களுக்கான நூலகம் பெரும்பாலும் இரண்டாவதைக் கொண்டே நடந்துவிடுகிறது, ஏனெனில் அங்கே வாசகர் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறார். தொடக்கப் பள்ளியில் தனக்கு என்ன வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நூலைத் தூக்கிக்கொண்டு வாசகரைத் தேடிப் போக வேண்டிய மூன்றாம் விதியே அங்கே நாள்தோறும் நடக்கும் வேலை.

அந்த வேலையின் முதன்மையான வடிவம் உரக்க வாசித்தல். ஆசிரியை நூலைத் தம் தோளுக்குப் பக்கவாட்டில், படம் குழந்தைகளை நோக்கியிருக்குமாறு பிடித்து, தாம் சாய்ந்து பார்த்து வாசிக்கிறார். அப்படி வாசிக்க வரிகள் பாதி மனப்பாடமாக இருந்தாக வேண்டும் என்பதால், முந்தைய நாள் மாலையே நூலை வீட்டுக்கு எடுத்துச்சென்று இரண்டு முறை வாசித்துவிடுகிறார். பக்கத்தைத் திருப்பும் முன் சிறிது நிறுத்துகிறார், பாயில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்து வரப்போவதைத் தாமே சொல்லிப் பார்க்கும் இடைவெளி அது. களப்பார்வையன்று வாசித்த கதையில் ஆடு ஒன்று தோட்டத்தில் புகுந்த படம் வந்தபோது, இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், “ஆட்டுக்குக் கயிறே இல்லையே டீச்சர், யாரு அவுத்து விட்டா?” என்று கேட்டான். கதையில் அதற்கு விடை இல்லை. வாசிப்பு நின்றது. யார் அவிழ்த்திருக்கக்கூடும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்று கதை முடியவே இல்லை. மறுநாள் அந்த நூலுக்கு நான்கு பேர் போட்டியிட்டார்கள் என்பது வழங்கல் பதிவேட்டில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் ஒரே நூலை எடுக்கும் குழந்தையையும் அவர் தடுப்பதில்லை. அது சரியான முடிவு, ஏனெனில் கதை தெரிந்த நூலில்தான் குழந்தை எழுத்தைக் கவனிக்க ஓய்வு பெறுகிறது.

வழங்கல் பதிவேடு என்பது யார், எந்த நூலை, எந்த நாளில் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதைக் காட்டும் ஏடு. நூல் வந்த நாள், எண், பெயர், ஆசிரியர், விலை ஆகியவற்றைக் காட்டும் இருப்புப் பதிவேடு இதனின்றும் வேறு. வழங்கல் பதிவேட்டைக் குழந்தைகளே எழுதுகிறார்கள். பெயர் எழுதத் தெரியாத முதல் வகுப்பினர் கையொப்பத்துக்குப் பதிலாக அட்டைப் படத்தைக் கட்டத்துக்குள் குட்டியாக வரைகிறார்கள், யானை எடுத்தவர் யானை, மீன் எடுத்தவர் மீன்.

இனி, பழுது பார்த்தல். இதில்தான் ஆசிரியையின் மதிய இடைவேளை கரைகிறது. மெல்லிய நூலின் ஆயுள் அதன் நடுவில் அடித்த இரண்டு பின்களில் இருக்கிறது. ஈரக்காற்றில் பின் துருப்பிடிக்க, அதைச் சுற்றியுள்ள தாள் பழுப்பேறிக் கிழிய, நடுத்தாள் முதலில் கழன்று விழுகிறது. செலோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிக் காய்ந்து உரிந்து எழுத்தின் மேல் கறையை விட்டுப் போகும். ஆசிரியை கத்தி நுனியால் பின்னை நெம்பி எடுத்துவிட்டு, மடிப்பில் மூன்று துளை இடுகிறார். ஊசி உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே திரும்புகிறது. நூலிழையின் இரு முனைகளும் நீண்ட தையலின் இருபுறமும் வருமாறு நிறுத்தி முடிச்சிடுகிறார். அட்டைக்கு மைதாப் பசை. பைண்டிங் கடைகளில் பூச்சி அண்டாமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் குழந்தைகளின் நூலுக்கு அந்த நஞ்சு ஆகாது என்று அவர் அதைத் தவிர்க்கிறார். இராமபாணப் பூச்சிக்காக பீரோவின் மூலைகளில் வசம்புத் துண்டுகளை வைக்கிறார்.

பழுதைவிடப் பெரிய அச்சம் தொலைந்துபோவது. இருப்புச் சரிபார்ப்பில் குறையும் நூல்களுக்குத் தாம் விடை சொல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தால், பல பள்ளிகளில் பொறுப்பாசிரியர்கள் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017, வழங்கிய அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு ஆண்டுக்கு 5 நூல்கள் வரை இழப்பாவது, நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இல்லாதபோது, இயல்பானதே என்று ஏற்கின்றன. பெரியவர்கள் புழங்கும் அலுவலக நூலகங்களுக்கே இவ்வளவு இடம் உண்டு என்றால், மழையில் நனைந்தபடி நடந்து வீடு போகும் ஆறு வயதுக் குழந்தையின் பைக்கு இதைவிடக் கூடுதலான இடம் தந்தாக வேண்டும். அதை எழுத்தில் தந்துவிட்டால் பாதி பீரோக்கள் திறந்துகொள்ளும். ஒரு நூலும் தொலையாத தொடக்கப் பள்ளி நூலகத்தில் பெரும்பாலும் ஒரு நூலும் வெளியே போயிருக்காது.

இந்தப் பள்ளியில் கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் பீரோ பூட்டப்படுவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் மூன்று நூல்களைத் தேர்ந்தெடுத்து, பதிவேட்டில் எழுதியோ வரைந்தோ வைத்துவிட்டு, ஆசிரியை நறுக்கிக் கொடுத்த பழைய நாட்காட்டித் தாளில் அவற்றைச் சுற்றி எடுத்துப் போகிறது. சாயங்காலம் பீரோவில் எஞ்சியவை கிழிந்து தைக்கக் காத்திருக்கும் நூல்களும், யாரும் எடுக்காத சிலவும். யாரும் எடுக்காதவற்றை ஆசிரியை தம் பையில் வைத்துக்கொண்டார், ஜூனில் முதலில் உரக்க வாசிக்க.