62 நானோமீட்டர்

காந்தத்தை உடைத்தால் இரண்டு காந்தம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள். உடைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஓர் அளவுக்குக் கீழே அது தன் திசையை மறக்க ஆரம்பிக்கும்.

இதற்கான கணக்கை 1949-ல் லூயி நீல் எழுதினார். துகள் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைத்தான் ஹார்டு டிஸ்க் 0, 1 என்று சேமிக்கிறது. அறையின் வெப்பம் அதைச் சும்மா விடாது. நொடிக்கு நூறு கோடி தடவை புரட்டப் பார்க்கும் என்று வைத்துக்கொள்வோம். புரளவிடாத தடுப்பு, துகளின் கன அளவைப் பொறுத்தது. அது வெப்ப ஆற்றலைப்போல 40 மடங்கு இருந்தால் தகவல் சுமார் ஏழு வருஷம் நிற்கும். கன அளவைப் பாதியாக்கினால் மூன்றரை வருஷமாவது நிற்கணும் இல்லையா? அரை நொடிதான். நம்பிக்கை வராமல் பைத்தானில் போட்டுப் பார்த்தேன். அரை நொடியேதான். விட்டத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு.

நாள் முழுக்க டெராபைட் கணக்கில் கோப்புகளை நகர்த்துகிற வேலை எனக்கு. இந்த எண்ணைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

இன்னொரு தலைவலி, எழுதும் செலவு. காந்தத்தைத் திருப்ப மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டம் என்றால் சூடு. வெறும் மின்புலத்தாலேயே காந்தத்தன்மையை மாற்ற முடிந்தால்? குரோமியம் ஆக்சைடில் அது நடக்கும் என்று 1959-ல் ஜலோஷின்ஸ்கி கணித்தார், அடுத்த வருஷமே அஸ்த்ரோவ் அளந்து காட்டினார். ஆனால் சுமார் 34 டிகிரியில் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். கோடைக்கு ஆகாது.

பிஸ்மத் ஃபெரைட் அப்படியில்லை. மின்முனைவும் காந்த ஒழுங்கும் அறை வெப்பத்துக்கு வெகு மேலேயும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். அதன் ஸ்பின்கள், உருளும் சக்கரத்தின் ஒற்றைக் கம்பியைப்போல, இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. 62 நானோமீட்டரில் ஒரு முழுச் சுற்று. கூட்டிப் பார்த்தால் பூஜ்யம். 1982-ல் நியூட்ரான்களைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால், ஒரு சுற்றுகூட அடங்காத அளவுக்குத் துகளைச் சிறிசாக்கினால்? 2007-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குழு செய்து பார்த்தது. 62-க்குக் கீழே போகப்போக, ஒளிந்திருந்த காந்தத்தன்மை வெளியே வந்தது. சுற்று அறுபட்டது ஒரு காரணம். மேற்பரப்பில் இணை கிடைக்காமல் நிற்கும் ஸ்பின்கள் இன்னொன்று. (இரும்பு ஆக்சைடு துளி கலந்திருந்தாலும் அளவுகோல் இதே மாதிரி துள்ளும். இந்தத் துறையில் சந்தேகப்படுவது நல்ல பழக்கம்.)

ரொம்பச் சிறிசாக்கவும் முடியாது. மின்முனைவு தளரும், பழைய மறதி திரும்ப வரும். காந்தத்தில் சம்பாதித்ததை மின்சாரத்தில் விடவேண்டியதுதான்.

அதனால் ‘சராசரி 40 நானோமீட்டர்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் நான் முதலில் தேடுவது அளவுகளின் பரவலை. சர்வர் வேலையில் வந்த புத்தி. சராசரி எப்பவும் அழகாத்தான் இருக்கும், நடுராத்திரி போன் பண்றது வால்தான். அந்தப் பொடியிலும் 30 நானோமீட்டர் ஆட்கள் சிலர் இருப்பார்கள். 40-இன் கன அளவில் பாதிகூட இல்லாதவர்கள்.