இருட்டறையில் தெரிந்த நிறம்

சென்ற தவணையில் பேசாலைக் கடற்கரையில் வைத்து என் மாணவி ஒருத்தி, "ரீச்சர், கடல் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டாள். நான் கலைப் பட்டதாரி. "வானத்தின் விம்பம்" என்று சொல்லிவிட்டேன். அது போதாத விடை என்பதைப் பின்னர் வாசித்தறிந்து, அடுத்த வகுப்பில் ஒப்புக்கொண்டேன்.

1921 இல் கப்பலில் பயணம் செய்த சி. வி. இராமனுக்கும் இதே கேள்வி எழுந்தது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் காட்டினார். கல்கத்தாவில் அவ்வாய்வு வளர்ந்தபோது உடனிருந்து உழைத்தவர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

பரிசோதனைப் பௌதிகவியலாளரின் வேலை எத்தகையது? திரவத்தைத் தூசு போகும்வரை திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்க வேண்டும். சூரிய ஒளியை வில்லையால் குவித்து அதனுள் செலுத்த வேண்டும். பின்பு இருட்டில் கண்ணைப் பழக்கி, நிறவடிகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். 1928 பெப்ரவரியில் அப்படிப் பார்த்தபோதுதான், சிதறிய ஒளியில் உட்சென்ற ஒளியில் இல்லாத மங்கலான நிறமொன்று தெரிந்தது. ஒளி சக்திச் சொட்டுகளாக வந்து, மூலக்கூறுக்குச் சிறிது சக்தியைக் கொடுத்துவிட்டு நிறம் மாறிச் செல்கிறது. குவாண்டம் கொள்கைக்கு அது கண்கண்ட சான்று.

'நேச்சர்' இதழில் முதற் குறிப்பு இருவர் பெயரிலும் வந்தது. 1930 இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. எனக்கு இது இன்னும் உறுத்தல்தான். கிருஷ்ணனோ ஆய்வை விடவில்லை. 1947 இல் புதுதில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார்.

"எங்கட ஆய்வுகூடத்தில சாமானே இல்லை ரீச்சர்" என்று சொல்லி, உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டாமென்றிருந்தவள் அந்த மாணவி. இதைக் கேட்டபின், "வெயிலும் கண்ணும்தானா?" என்றாள். பாடத்தெரிவுப் படிவத்தை இன்னும் நிரப்பவில்லை.